நெசவுத் தெருப் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவன் சொல்வது:

1. "படிக்கலைன்னா தறியிலதான் உட்காரணும்" என்று வகுப்பில் மிரட்டாதீர்கள். முன்வரிசைப் பிள்ளையின் அப்பா அந்த நேரத்தில் குழித்தறியில்தான் உட்கார்ந்திருப்பார்.

2. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கும் இரண்டு கரைக்குமாக மூன்று நாடா ஓடும். நெசவாளருக்கு எட்டாத மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். வெகுகாலம் அந்த ஆள் சின்னப் பிள்ளைதான். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழிய, பிள்ளை தறிக்குப் போனது. 2010 ஏப்ரலில் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் தூங்கி விழும் பையனை அதட்டுமுன், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள்.

3. படிப்பு எதற்கு? முதலில், அந்த முன்பணக் கணக்கை வாசிக்க. சேலைக்குக் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, பாக்கி ஏன் குறையவே இல்லை என்று முதலாளியிடம் பயமில்லாமல் கேட்கிற பிள்ளைதான் படித்த பிள்ளை. சதவீதம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். மதிப்பெண் தானாக வரும்.

4. ஊர்ப்பெருமைக்கு, பல்லவர் காலத்தில் இங்கிருந்த கடிகை என்ற கல்விச்சாலையைச் சொல்வார்கள். மயூரசர்மன் அங்கே படிக்க வந்து, பல்லவக் குதிரை வீரனோடு தகராறாகி, வெளியேறிக் கதம்ப அரசை நிறுவினான் என்கிறது தாளகுண்டா கல்வெட்டு. (படிப்பை நிறுத்த நினைக்கும் பையனிடம் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள்!) கடிகை வேதம் படிக்கும் இடம். நம் தெருவுக்கு அதில் என்ன பங்கு?

5. அண்ணாவைச் சொல்லுங்கள். 1909இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் படித்து, நகராட்சியில் எழுத்தராகக் கொஞ்சகாலம் இருந்து, பிறகு எம்.ஏ. முடித்தவர். முதலமைச்சர் ஆனார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 1953இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கியபோது, கட்சிக்காரர்களோடு தானும் தெருவில் இறங்கித் துணி விற்றார். எம்.ஏ. படித்தவருக்கு அது இழுக்காகத் தெரியவில்லை.

6. பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லையே என்று குறைப்படாதீர்கள். தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.