நல்ல கருவியை மதிப்பிடும் முறை

(சங்க அங்கத்தினர்களுக்கான பாடக் கட்டுரை)

புதிய கருவி ஒன்று கடைவீதிக்கு வந்தால், அதனைச் சூழ்ந்து நின்று வியப்பது மக்கள் இயல்பு. பளபளப்பும் புதுமையும் கண்ணைக் கவரும்; விலையைக் கேட்டபின் மனம் சற்றே தயங்கும். தனி மனிதர் ஒருவர் பயனற்ற பொருளை வாங்கினால் நஷ்டம் அவரோடு நின்றுவிடும். சங்கம் வாங்கினால் அந்நஷ்டத்தை அங்கத்தினர் யாவரும் சுமக்க நேரும். ஆதலின், எக்கருவி பாராட்டுக்குரியது, எது வெறும் அலங்காரம் என்று பகுத்தறியும் பயிற்சி கூட்டுறவாளர்க்கு இன்றியமையாததாகும்.

இப்பயிற்சிக்கு வேண்டிய பாடங்கள் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பகுதி, ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்ததை முதியோர் அறிவர். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2013-இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கலாயின. காஞ்சிபுரத்தின் தறி வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று ஆலைப் பேருந்துகளில் ஏறி வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே காணும் பொருள்களிலிருந்தும், நமது தறியிலிருந்தும், வயலிலிருந்தும் சில உதாரணங்களை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

1. உபயோகிப்பவரின் நிலையை அறிந்த கருவி

நோக்கியா நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் 1100 என்னும் எண்ணுடைய கைப்பேசி ஒன்றை வெளியிட்டது. அதில் வண்ணத் திரை இல்லை. புகைப்படக் கருவி இல்லை. ஆயினும், உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி விற்பனையாகிப் புகழ் பெற்றது. அதற்குக் காரணம் என்ன?

மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களை மனத்திற் கொண்டு அதன் தலைப்பில் சிறு டார்ச் விளக்கு பொருத்தப்பட்டது. புழுதி உட்புகாதவாறு பொத்தான்களின்மேல் ஒரே ரப்பர் விரிப்பு அமைக்கப்பட்டது. வியர்த்த கையினின்று வழுக்கி விழாதபடி பக்கங்கள் சொரசொரப்பாக ஆக்கப்பட்டன. ஒரு முறை மின்னேற்றம் செய்தால் பல நாள் தாங்கிற்று. வயலில் நீர் பாய்ச்சும் விவசாயிக்கும், இரவில் வண்டி ஓட்டுபவருக்கும் எது வேண்டுமோ அது அதில் இருந்தது. எது வேண்டாமோ அது விலக்கப்பட்டது. அதனால் விலையும் குறைந்தது.

ஒரு கருவியில் என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று வியப்பதோடு நில்லாமல், என்னென்ன விலக்கப்பட்டிருக்கின்றன என்றும் கேட்க வேண்டும் என்பது முதற் பாடம்.

2. கணிப்பொறிக்கு வழிகாட்டிய தறி

இக்காலத்துக் கருவிகளைக் கண்டு நெசவாளி தம் தொழிலைப் பழமையானதென்று தாழ்வாக எண்ண வேண்டுவதில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில், தமக்கு முன்னோர் செய்திருந்த முயற்சிகளை ஒன்று சேர்த்துத் தம் பெயரால் விளங்கும் யந்திரத்தை அமைத்தார். அதன் தத்துவம் நம் நெசவாளர் அறிந்ததே. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும்; கொக்கி உயரும்; பாவு நூல் எழும். துளை இல்லையேல் அந்த நூல் தாழ்ந்தே இருக்கும். உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே விடைகளால் மயிலும் அன்னமும் மாங்காயும் கரையில் உருவாகின்றன.

இத்துளை அட்டையைக் கண்டே இங்கிலாந்தில் பாபேஜ் என்னும் கணித அறிஞர் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கு, ஹாலரித் அமைத்த யந்திரங்களில் துளை அட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. பின்வந்த கணிப்பொறிகளும், கைப்பேசிகளும் உண்டு, இல்லை என்னும் அதே இரு விடைகளால்தாம் இயங்குகின்றன. எனவே, தறியின்முன் அமர்ந்திருப்பவர் அறிவுத் தொழிலுக்கு அந்நியர் அல்லர்.

3. தாயின் தோள்வலியிற் பிறந்த யந்திரம்

கருவி செய்வது பெரிய ஆலைகளுக்கே உரியதா? இல்லை என்பதற்கு தெலங்கானா மாநிலத்தில் ஒரு நெசவாளர் சான்றாக விளங்குகிறார். அவர் ஆலேரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளி முறைச் சேலைக்குச் சாயமிட்டுக் கட்டுமுன், ஊடை நூலை ஒரு முளையிலிருந்து அரைவட்டமாக நடப்பட்ட முளைகளுக்கு மாறி மாறிக் கையால் சுற்ற வேண்டும். இதற்கு ஆசு என்று பெயர். ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 தடவை கை இவ்வாறு போய்வர வேண்டும். நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தனர்.

மல்லேசத்தின் தாயார் லட்சுமி அம்மையாருக்குத் தோளிலும் முழங்கையிலும் ஓயாத வலி. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய அம்மகன், 1992-ஆம் ஆண்டு முதல் சிறிது சிறிதாக முயன்று, ஹைதராபாதில் மின் வேலை செய்து ஈட்டியதையும் இதிலே செலவிட்டு, 1999-இல் ஆசு சுற்றும் யந்திரத்தை முடித்தார். அதற்குத் தாயாரின் பெயரையே சூட்டி லட்சுமி ஆசு யந்திரம் என அழைத்தார். வேலை நேரம் ஒரு சேலைக்கு ஒன்றரை மணி அளவாகக் குறைந்தது. தோளுக்கும் ஓய்வு கிட்டிற்று. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப் பெற்றது.

இக்கருவி நெசவை நெசவாளியிடமிருந்து பறிக்கவில்லை. சேலையின் வண்ணத்தையும் சித்திரத்தையும் தீர்மானிப்பது முன்போலவே அவர் கையும் கண்ணுமே. நீங்கியது வலி ஒன்றுதான்.

4. வயலில் உருளும் கூம்பு

விவசாயிகளுக்கும் இத்தகைய உதாரணம் ஒன்றுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கோனோ களைக்கருவியைத் திருந்திய நெல் சாகுபடி செய்வோர் அறிவர். பற்கள் அமைந்த இரு கூம்பு உருளைகள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் சுழல்கின்றன. முன்னும் பின்னும் தள்ளத் தள்ளக் களை சேற்றில் அமிழ்ந்து உரமாகிறது. மண்ணிலும் காற்றோட்டம் உண்டாகிறது. குனிந்து களை பறித்தவர் நிமிர்ந்து நின்று வேலை செய்கிறார்.

ஆனால், நாற்றைச் சதுர முறையில், 22.5 சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு நட்டால்தான் இக்கருவி வரிசையினூடே செல்லும். இடைவெளியின்றி நட்ட வயலில் அது வீண் இரும்பு. கருவியின் எடை மிகுதி என்று பெண்கள் குறை கூறியதும் உண்டு. ஆகவே, கருவியை வாங்குமுன் அதற்கேற்ப நம் வேலை முறையில் எதை மாற்ற வேண்டும், யார் கையால் அதனை இயக்கப் போகிறோம் என்பவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

5. கை நிலைக்க வேண்டிய இடம்

யந்திரம் புகத்தகாத இடமும் உண்டு. புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டிமேல் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தூரிகை கொண்டு கையாலேயே வரையும் வழக்கத்தை ராயல் என்ஃபீல்டு நிறுவனம் நெடுங்காலம் பாதுகாத்து வந்தது. அச்சிட்டு ஒட்டும் முறை எளிது, செலவும் குறைவு. ஆயினும், அக்கோட்டில் மனிதக் கை இருக்கிறது என்பதையே வாங்குவோர் பெருமையாகக் கருதினர்.

காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நாடாக்கள் ஓட, துணையாள் ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ, உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகின்றன. நேரம் மிகுதியாகும் என்பது உண்மையே. ஆனால், சேலையின் மதிப்பு நிற்பது அப்பிணைப்பில்தான். துணையாளின் முதுகுவலியைக் குறைக்கும் இருக்கையும், கண்ணைக் காக்கும் நல்ல விளக்கும் வரவேற்கத்தக்கவை. கோர்வையையே ஒழித்துவிடும் சாதனமோ நம் பொருளின் விலையையும் சேர்த்து ஒழித்துவிடும்.

நல்ல கருவி உழைப்பின் வலியை நீக்கும். உழைப்பின் திறனை நீக்காது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

6. கருவியும் உருவமும் யாருக்குச் சொந்தம்?

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. கோடிக்கணக்கான கைப்பேசிகள் அங்கிருந்து பல நாடுகளுக்கும் சென்றன. ஆயிரக்கணக்கானோர், அவருள் பெரும்பாலும் இளம் பெண்கள், அங்கே வேலை பார்த்தனர். பின்னர் வரி வழக்கின் காரணமாக, நோக்கியாவின் கைப்பேசித் தொழில் 2014-இல் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது இவ்வாலை அதனோடு சேராமற் போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. திறமாக வேலை செய்தவர்களும் வீடு திரும்ப நேர்ந்தது. அப்பொருளின் உருவமும் சந்தையும் அவர்கள் கையில் இல்லை. அவற்றைத் தீர்மானித்தவர் வேறிடத்தில் இருந்தனர்.

கூட்டுறவு நெசவாளியின் நிலை இவ்விஷயத்தில் மேலானது. தறி அவருடையது, சங்கமும் அவருடையது. 2005-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், அக்குறியீடு ஊரின் பெயரையே காக்கும். ஓர் அங்கத்தினர் புதிதாக வரைந்த சித்திரத்தைக் காக்காது. அதற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் உண்டு. புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்தாண்டு உரிமை கிட்டும். மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கவும் இயலும். பொதுமக்களிடையே வெளியிடுவதற்கு முன்னரே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. பரம்பரையாக வழங்கும் மாங்காயையும் மயிற்கண்ணையும் எவரும் தமக்கெனப் பதிவு செய்துகொள்ள இயலாது. அவை அனைவர்க்கும் பொது.

7. சங்கம் செய்யத்தக்கவை

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் வேலையில் உடலை வருத்தும் ஒரு செயலை எடுத்துக் கூறட்டும். பெண்கள் கூறுவதை முதலிற் கேட்க வேண்டும். ஏனெனில் நூல் சுற்றுதல், களையெடுத்தல் போன்ற ஓயாத வேலைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அவற்றுள் பலர்க்கும் பொதுவான துன்பத்தைத் தேர்ந்து, உள்ளூர்த் தச்சரையும் கொல்லரையும் ஆலையில் பயிற்சி பெற்ற நம் பிள்ளைகளையும் அழைத்து ஆலோசிக்கலாம். ஆலையிற் கற்ற நுட்பம் தறி வீட்டுக்குத் திரும்பி வர இதனைவிடச் சிறந்த வழி இல்லை. வெளியிலிருந்து கருவி வாங்குவதாயின், ஒன்றை மட்டும் வாங்கி ஒரு பருவம் சோதித்தபின் மற்றவற்றை வாங்குவதே முறை.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. இக்கருவி யாருடைய எந்தத் துன்பத்தை நீக்குகிறது?

2. இதில் நமக்கு வேண்டாதன எவை? அவற்றுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோமா?

3. இதற்காக நம் வேலை முறையில் எதை மாற்ற வேண்டும்?

4. பழுதுற்றால் நம்மூரிலேயே செப்பனிட இயலுமா?

5. நம் பொருளின் மதிப்புக்குக் காரணமான கைத்திறன் இதனால் காக்கப்படுமா, குன்றுமா?

6. நம் அங்கத்தினர் எவரேனும் அமைத்த புதிய கருவியோ வடிவமோ பதிவு செய்யப்படாமல் இருக்கிறதா?