சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் உனக்கு முதல் வீடு கிடைத்துவிட்டதாக ஏஜென்சியில் சொன்னார்கள். மயிலாப்பூர், மூன்றாவது மாடி, எண்பதை நெருங்கும் அம்மா, ரிட்டயர்டு கணக்கு டீச்சர். டிமென்ஷியா என்று தெரிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார், மகன் டல்லஸில். உனக்குப் பகல் ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம்.

டயாப்பர் மாற்றவும், பி.பி. பார்க்கவும், படுத்தவரைப் புரட்டவும் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே சொல்லாத ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன். இந்த வேலையை நீ நன்றாகச் செய்தால், பார்க்கிறவர்களுக்கு நீ வேலையே செய்யாத மாதிரித்தான் தெரியும்.

குளியலை எடுத்துக்கொள். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வீட்டுக்காரர்களும் "சுறுசுறுப்பான பொண்ணு" என்பார்கள். ஆனால் அம்மாவின் பக்கத்திலிருந்து யோசி. யாரோ ஒரு பெண் வந்து, துணியை உருவி, எதுவும் சொல்லாமல் தலையில் தண்ணீரைக் கொட்டினால் யாராக இருந்தாலும் அடிக்கத்தான் செய்வார்கள். பிறகு ஃபைலில் "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதிவிடுவார்கள். நீ தோளில் ஒரு துண்டைப் போர்த்து. முதலில் பாதத்தில் ஊற்று, சூடு சரியா என்று கேள். மக்கை அவர் கையிலேயே கொடு. "குளிச்சிட்டு, டிரஸ் மாத்திட்டு, டிபன் சாப்பிடலாம்" என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்லாதே. "சோப்பு போடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திரு. கை நகரவில்லை என்றால் அவர் கைக்கு அடியில் உன் கையை வைத்து முதல் இழுப்பை மட்டும் தொடங்கிக் கொடு. பல நாள் மீதியை அவரே செய்துவிடுவார்.

இதற்குக் காரணம் உண்டு. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியைத்தான் டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் முதலில் அரிக்கிறது. கை பழகிய வேலைகள் மூளையில் வேறு இடங்களில் தங்கியிருக்கின்றன, அவை கடைசியில்தான் போகும். பேத்தி பெயர் தெரியாத பாட்டி மல்லிகைப் பூவைப் பிசகாமல் தொடுப்பது அதனால்தான். உன் டீச்சர் அம்மாவிடம் வாய்ப்பாடு மிச்சமிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டில் கூட்டல் கணக்குகள் எழுதி, சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் வைத்துப் பார். பட்டாணி உரிக்கச் சொல், துவைத்த துணியை மடிக்கச் சொல். மடித்தது கோணலாக இருந்தால் அவர் எதிரில் திருத்தி மடிக்காதே.

"நாங்க உனக்குச் சம்பளம் குடுக்கிறோம், நீ அம்மாகிட்ட வேலை வாங்குறியா?" என்று ஒருநாள் கேட்பார்கள். இப்போது எல்லா ஹாலிலும் கேமரா வேறு. பக்கத்து அறையிலிருந்தோ டல்லஸிலிருந்தோ பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அம்மா பட்டாணி உரிக்கிறார், நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. முதல் வாரத்திலேயே மகளை உட்காரவைத்துச் சொல்லிவிடு: "அக்கா, அம்மாவால முடியறதை நான் செஞ்சா, அது சீக்கிரம் மறந்துபோயிடும். அதனால நான் காத்திட்டிருப்பேன்." வேலைக்காரி விளக்கம் சொல்வதா என்று சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

டயாப்பர் விஷயத்திலும் இதேதான். இரவுக்கு வேண்டியிருக்கலாம். பகலில் இரண்டு மணிக்கொருமுறை பாத்ரூமுக்கு அழைத்துப்போனால் பலருக்கு அது தேவைப்படாது. நாள் முழுக்க டயாப்பர் போட ஆரம்பித்துவிட்டால் கேட்டுப் போகும் பழக்கம் போய்விடும், அப்புறம் திரும்புவது அபூர்வம். போடுவதற்கு முன்னால், இது யாருடைய வசதிக்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். "நான் வீட்டுக்குப் போகணும்." இந்த நோயில் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். "இதுதாம்மா உங்க வீடு" என்று நிரூபிக்க முயலாதே, தோற்றுப்போவாய். முதலில் உடம்பைப் பார்: பாத்ரூம் வருகிறதா, பசியா, எங்காவது வலியா? இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிடு. கண்ணாடி ஜன்னலில் தெரியும் தன் உருவமே அந்நியர் மாதிரித் தோன்றும். டி.வி. சீரியலில் யாராவது அலறிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடு. அதன்பின் அந்த வீட்டைப் பற்றிக் கேள். வாசல் எந்தப் பக்கம், கிணறு இருந்ததா, யார் யார் இருப்பார்கள்? வாசல் வரை கூடவே நடந்து போய்த் திரும்பி வந்தாலும் தப்பில்லை.

ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லம் தன் வாசலில் பஸ்ஸே வராத பஸ் ஸ்டாப் ஒன்றை வைத்தது. வீட்டுக்குக் கிளம்பும் முதியவர்கள் அங்கே போய் உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் பதற்றம் தணியும், உள்ளே அழைத்து வருவார்கள். இது ஏமாற்று இல்லையா என்ற கேள்வி நியாயமானதுதான். எனக்கும் ஜோடித்த பொய்கள் பிடிப்பதில்லை. ஆனால் அந்த பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா, அதை எடுத்துக்கொள். இறந்துபோன கணவர் எங்கே என்று அம்மா கேட்டால், "அவர் போய்ப் பத்து வருஷமாச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சாவைச் சொல்வது. வருவார் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "சாருக்குக் காபி எப்படி இருக்கணும்?" என்று கேள். அவர் தேடுவது பெரும்பாலும் அந்தப் பேச்சைத்தான்.

இனி, உன்னை அழவைக்கப்போகும் விஷயம். "இவ என் வளையலைத் திருடிட்டா" என்று அம்மா சொல்வார். பொருளை எங்கோ ஒளித்துவைப்பார், வைத்ததே மறந்துவிடும். பொருள் இல்லை, பக்கத்தில் நீ இருக்கிறாய், கணக்கு டீச்சருக்கு அது போதும். டாக்டர் ஆலோயிஸ் அல்சைமர் 1901-ல் பிராங்ஃபர்ட் மருத்துவமனையில் பார்த்த, இந்த நோய்க்கு முதல் சாட்சியான பெண்ணுக்கே ஆரம்ப அறிகுறி கணவர் மேல் வந்த சந்தேகம்தான். ஆகவே அது நோயின் குணம், உன் மேல் உள்ள அபிப்பிராயம் அல்ல. "நான் எடுக்கலை" என்று வாதாடாமல், "ஐயோ, வளையல் காணோமா, வாங்க தேடலாம்" என்று கூடப்போ. தலையணை உறை, அரிசி டப்பா, பூஜை அலமாரி மூன்றையும் முதலில் பார்.

அம்மா சொன்னதைத் தாங்கிக்கொள் என்கிறேன், குடும்பம் சொன்னால் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. முதல் நாளே மகளை வைத்துக்கொண்டு அம்மா போட்டிருக்கும் நகையை எழுதி, போட்டோ எடுத்து, மீதியைப் பூட்டிவைக்கச் சொல். பீரோ சாவியும் ஏ.டி.எம். கார்டும் உன் கையில் வேண்டாம். நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய், எந்தப் பாத்ரூமைப் பயன்படுத்துவாய் என்பதையும் அன்றே பேசிவிடு. அம்மாவின் எச்சில் வாயைத் துடைக்கும் கைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைச் சகித்துக்கொண்டு வேலை செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏஜென்சியிடம் வேறு வீடு கேள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள். சாப்பிட்டது, குடித்த தண்ணீர், யூரின், மோஷன், தூக்கம், புதிதாகத் தெரிந்த எதுவும். டாக்டர் அம்மாவைச் சில நிமிஷம் பார்க்கிறார், நீ பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறாய். டிமென்ஷியா மாதக்கணக்கில் மெல்ல நகரும். நேற்று வரை நடந்து பேசியவர் இன்று கண் திறக்காமல் உளறுகிறார், அல்லது இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது நோய் முற்றியதல்ல. யூரின் இன்ஃபெக்ஷனாக இருக்கலாம், மலச்சிக்கலாக, நீர் வற்றியதாக, புதிதாகச் சேர்த்த மாத்திரையாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் காட்டாமலும் தொற்று வரும். அரிப்புக்கும் சளிக்கும் வீட்டில் எடுத்துத் தரும் அவில் போன்ற பழைய மாத்திரைகள்கூட மூளையைக் குழப்பும். "வயசாச்சு, அப்படித்தான்" என்பார்கள். நோட்டைத் திறந்து காட்டு, அன்றே டாக்டரிடம் போகச் சொல்.

"ராத்திரி தூங்கலை, பகல்லயும் தொந்தரவு, ஒரு மாத்திரை குடுத்துடேன்" என்றும் வரும். மனநோய்க்கான மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருந்துவிட்டால் அத்தகைய மாத்திரையான ஹாலோபெரிடால் உடம்பையே மரக்கட்டையாக்கிவிடும். சிலருக்கு, சில காலம், டாக்டர் எழுதித் தருவார், அது வேறு. சீட்டில் இல்லாத மாத்திரையும், சீட்டை மீறிய அளவும் உன் கையால் போகக்கூடாது. அமைதியாக்கப்பட்ட பாட்டி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால், யார் கொடுத்தது என்றுதான் கேட்பார்கள்.

சாப்பாடு ஊட்டுவதுதான் எல்லாவற்றிலும் மெதுவான வேலை. நேராக உட்காரவை, மோவாய் கொஞ்சம் கீழே இருக்கட்டும். சின்ன ஸ்பூன். விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார். தண்ணீரைவிடக் கெட்டியான ராகிக் கூழ் சுலபமாக இறங்கும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ நிறுத்து, டாக்டருக்குச் சொல்; உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. முடித்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்காதே. நோய் மிக முற்றிய கட்டத்தில் மூக்கு டியூப் போடலாமா என்ற பேச்சு வரும். முடிவு குடும்பமும் டாக்டரும் எடுப்பது. ஆனால் அந்தக் கட்டத்தில் டியூபைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் சொன்னது. அப்படி ஊட்ட முக்கால் மணி நேரம் உட்கார ஆள் வேண்டும். மகளால் முடியாது, மீட்டிங் இருக்கும். அங்கேதான் உனக்கான இடம்.

மகள் கடுகடுவென்று பேசினால் ஒன்றை நினைத்துக்கொள். 2023-ல் வந்த கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. பெரும்பாலோரைப் பார்ப்பது வீட்டுப் பெண்கள்தான். நீ வரும்வரை இந்த மகள் தனியாகப் பார்த்திருக்கிறார். காசு கொடுத்து ஆள் வைத்துவிட்டோமே என்ற உறுத்தல்தான் பல வீடுகளில் அதிகாரமாக வெளியே வரும். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியாவுக்காக நடத்தும் டெம்கேர்ஸ் மையம் இருக்கிறது, முதியோருக்கான 14567 உதவி எண் இருக்கிறது, பல வீடுகளுக்கு இரண்டுமே தெரியாது. எழுதிக் கொடு.

மகனிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். வீடியோ காலில் வந்ததும் "நான் யாரு சொல்லும்மா?" என்பார். ஆயுள் முழுக்கப் பரீட்சை வைத்தவரைத் தினமும் ஃபெயில் ஆக்கும் கேள்வி அது. "அம்மா, நான்தான் உன் பையன், சாப்பிட்டியா?" என்று ஆரம்பிக்கச் சொல். நீ சொன்னபடி அவர் செய்தாரானால் அன்று சாயங்காலம் உன் வேலை பாதியாகிவிடும்.

வாரத்தில் ஒருநாள் லீவை விட்டுக்கொடுக்காதே. லீவு நாளுக்கு வரும் மாற்று ஆள் வாரத்துக்கு வாரம் புதுமுகமாக இருந்தால் அம்மா உன்னோடு பழகியதெல்லாம் குலையும். எப்போதும் ஒரே ஆளை அனுப்பும்படி ஏஜென்சியிடம் இப்போதே கேட்டு வாங்கு. அந்தப் பெண் முதல் தடவை வரும்போது இரண்டு மணி நேரம் கூட இருந்து, மக்கை யார் பிடிக்க வேண்டும் என்பதைக் காட்டிவிட்டுக் கிளம்பு.

உன் அக்கா