கையில் ஒரு பொருள்

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் சிறார் திரைப்பட விழாவால் படம் பார்த்த மாணவர்கள், இப்போது கைப்பேசியில் படம் எடுக்கவும் முன்வருகிறார்கள். ஆனால் அவர்களது பாத்திரங்கள் "நாங்க ஏழைங்க", "அம்மா பாவம்" என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுகின்றன.

மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தில் அண்ணன் அலி, தங்கையின் காலணியைத் தொலைத்துவிடுகிறான். அவனுடைய ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். வறுமை, பொறுப்பு, பாசம் மூன்றையும் அந்தக் காலணியே சொல்கிறது.

கொமரலிங்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் இதை மூன்று படிகளாகச் செய்தோம்.

1. தேர்வு: பாத்திரம் அன்றாடம் தொடும் ஒரு பொருள். பனியன் கம்பெனிக்குச் செல்லும் தாய்க்கு, பிசிறு வெட்டும் சிறு கத்தரியை ஒரு குழு தேர்ந்தெடுத்தது.

2. கையாளுதல்: அதை அவசரத்தில், சோர்வில், அன்பில் எப்படி எடுப்பார்? வசனமின்றி நடித்துக் காட்டுதல்.

3. மாற்றம்: பொருள் இருமுறையாவது வர வேண்டும், கடைசி முறை புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் பனியன்களில் பிசிறு வெட்டிய தாய், இரவில் மகளின் சீருடையில் தொங்கிய நூலைத் துண்டிக்கிறார்.

"அம்மா பாவம்" வசனத்தை மாணவர்களே அடித்துவிட்டார்கள். ஒலியை நிறுத்திப் படத்தைத் திரையிட்டு, தாயைப் பற்றி ஒரு சொல் எழுதச் சொன்னேன். 'கெட்டிக்காரி', 'நிதானம்' என்று எழுதினார்கள். 'பாவம்' என்று ஒருவரும் எழுதவில்லை.

ஒரு கவனம்: சொந்த வீட்டுக் கஷ்டத்தைப் படமாக்க எவரையும் வற்புறுத்த வேண்டாம். பாத்திரம் கற்பனையாகவே இருக்கட்டும். பொருள் மட்டும் அவர்கள் அறிந்ததாக இருந்தால் போதும்.