முன் நிகழ்ந்தது காரணமாகுமா?

அண்மையில் ஓர் இல்லத்திற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். "மருமகள் வந்த மூன்றாம் மாதமே மாமனார் போய்விட்டார், அவள் அடி வைத்த வேளை சரியில்லை" என்று கூடத்தில் பேசிக்கொண்டனர். அப்பெண் வாயிற்படி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாள்தோறும் ஜின தரிசனம் செய்வோர் வாயிலும் இச்சொல் வருவதால், நம் ஆசார்யர்கள் வகுத்த நியாய முறைப்படி இதனைச் சற்றே ஆராய்வோம்.

கார்த்திகை மாதத்து முன்னிரவில் கீழ்வானை நோக்குக. கார்த்திகை மீன்கள் எழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செந்நிற ரோகிணி எழும். முன்னதைக் கண்டு பின்னதும் எழும் எனத் துணிவது பிழையற்ற அனுமானமே. ஆயினும் கார்த்திகையா ரோகிணியை எழச் செய்தது? அன்று. ஆசார்ய மாணிக்யநந்தி, பரீக்ஷாமுகம் என்னும் நூலில், இத்தகைய ஏதுவைப் பூர்வசரம், அதாவது முன்செல்வது என்று பெயரிட்டு, காரண ஏதுவினின்றும் வேறாக வைத்தார். என்றும் தவறாது முன் வருவதே காரணமன்று எனின், ஒரே ஒருமுறை முன் வந்தது எங்ஙனம் காரணமாகும்?

பன்முறை ஒத்து வரினும் போதாது. மைத்திரி என்பவளின் மக்கள் எல்லாரும் கரியர். ஆகவே கருவிலிருப்பவனும் கரியனே என்பது தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. பௌத்தர் ஏதுவிற்குக் கூறிய மூன்று இலக்கணங்களும் இதில் பொருந்தும். பிறக்கும் மகவோ சிவந்திருக்கவும் கூடும். ஆதலின் ஆசார்ய பாத்திரகேசரி அம்மூன்றையும் மறுத்து, 'அது இன்றேல் இது கூடாது' என்னும் ஒன்றே ஏதுவின் இலக்கணம் என நிறுவினார். அந்யதா அநுபபத்தி என்பது இதன் வடமொழிப் பெயர்.

இவ்வுரைகல்லில் நாம் கேட்ட சொல்லை உரைத்துப் பார்ப்போம். மருமகள் வாராதிருப்பின் அம்முதியவர் இறந்திரார் எனக் கூற எவர் துணிவர்? அவர் பல்லாண்டு இதய நோயால் வருந்தியவர். அவள் தீவினையே அவரைக் கொண்டு போயிற்று என்பாரும் உளர். ஒருவர் கட்டிய வினை அவருக்கே பயன் தரும் என்பது நம் சித்தாந்தம். அவர் ஆயுளை வரையறுத்தது அவருடைய ஆயு கர்மமேயன்றிப் பிறிதோர் உயிரின் வினையன்று. மருமகள் வந்த வேளை கடை பெருகிற்று என்பதும் இதே ஏதுப்போலிதான். புகழ்ச்சியாதலின் அதனை எவரும் மறுப்பதில்லை.

அதே முகூர்த்தத்தில் அவ்வூரில் வேறு இரண்டு வீடுகளிலும் புதுப்பெண்கள் அடி வைத்தனர். அங்கே மாமனார்கள் நலமாயிருக்கின்றனர். அன்று கூடத்தில் இருந்தவர்களுள் ஒருவரும் அவ்வீடுகளை நினைக்கவில்லை.