பின் சக்கரத்துக்கு டிஸ்க் போடும் முன்

அம்பத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் ஜிப்சி வண்டியின் படங்களும் கிடைத்தன. பின் டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் போடப் போவதாகவும், சிப்காட்டில் லேசரில் பிளேட் வெட்டித் தருகிற இடம் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். ஓசூரில் அதற்கு இடம் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்? லேலண்டுக்கும் டி.வி.எஸ்ஸுக்கும் பாகம் செய்து கொடுத்துப் பழகிய ஊர் அது. ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்கத் தொரப்பள்ளிக்கு வருகிறவர்களைவிட ஷிப்டுக்குப் போகிற பைக்குகள்தான் அங்கே அதிகம். பிராக்கெட் செய்வது இந்த வேலையில் சுலபமான பாதி. முன்னும் பின்னும் பிரேக் எந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும் என்பது மற்றப் பாதி. நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பிரேக் அழுத்தினால் வண்டி முன்னால் குனிகிறது இல்லையா, அதைக் கணக்காகப் பார். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 650 மில்லிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள். புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு வேகக் குறைப்பு என்றால் 0.7 × 650 ÷ 2375, அதாவது மொத்த எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 19 பங்கு பின்னாலிருந்து முன்னால் போய்விடும். நிற்கும்போது பாதிக்குப் பாதி இருந்தது, கடும் பிரேக்கில் 69க்கு 31 ஆகிறது. பின் சக்கரத்துக்குக் கிடைப்பது அந்த 31தான். அதற்கு மேல் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது, வண்டி வால் சுற்றும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் நேராக வழுக்கும், அதையாவது சமாளிக்கலாம். 2020இல் வந்த தாரிலும், 2023இல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் பின்னால் டிரம்தான் வைத்திருக்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கத்தான் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் பின் சக்கரத்தின் பங்கு சிறியது, அந்த அளவுக்கு டிரம் போதும் என்பதும் காரணம்.

அப்படியானால் டிஸ்க் எதற்கு? நிற்கிற தூரம் குறையும் என்று நினைத்துச் செய்யாதே, பெரிதாகக் குறையாது. லாபம் சூட்டிலும் தண்ணீரிலும்தான். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதைவிட 400 மீட்டர் வரை பள்ளம். அந்த 400 மீட்டர் இறக்கத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே வாங்கினால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியைப் பதினாறு தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பதினாறு மாறாது, போட்டுப் பார். காற்றும் டயரும் இன்ஜினும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. நியூட்ரலில் இறங்குகிறவனுக்கு இன்ஜினின் பங்கு போய்விடும், அது பிரேக் லைனர் தலையில் விழும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் லாரிகள் ஏன் அப்படிப் போய் மோதுகின்றன என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சூடேறிய டிரம் வெளிப்பக்கமாக விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் வரும்.

தென்பெண்ணையில் தண்ணீர் வருகிற காலத்தில் தரைப்பாலத்தைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க்கில் இரண்டு சுற்றில் பேட் வழித்துவிடும். சேற்றில் ஓட்டுகிறவனுக்கு இது ஒன்றே போதும், மாற்றலாம்.

டிரம்முக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது ஒரு ஷூவைச் சுழலும் டிரம்மே உள்ளே இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தத்தில் நிறையப் பிடிக்கும். காலையில் டிரம்மில் லேசாகத் துரு படிந்திருந்தால் முதல் பிரேக்கில் படக்கென்று கவ்வுவதும் இதனால்தான். டிஸ்க்கில் இந்த இழுப்பு இல்லை. ஒரு அங்குல வீல் சிலிண்டரின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், 48 மில்லிமீட்டர் காலிப்பர் பிஸ்டனுக்கு 18. டிரம் தானாகக் கொடுத்து வந்த பெருக்கத்தைப் பிஸ்டன் பரப்பு ஈடுகட்ட வேண்டும். சின்னக் காலிப்பர் போட்டால் பின் பிரேக் பெயருக்கு இருக்கும். பெரிது போட்டால் முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டும். பெரிய பிஸ்டனுக்கு எண்ணெயும் அதிகம் வேண்டும், பெடல் ஆழமாகப் போகும். அதற்காக மாஸ்டர் சிலிண்டரைப் பெரிய உள்விட்டத்துக்கு (போர்) மாற்றினால் அழுத்தம் குறைந்து பெடல் கல்லாகிவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகர்கிறது பார். பின் லைனில் திருகிச் சரிசெய்கிற புரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போட்டுக்கொள். பழைய வால்வு டிரம்முக்கு அளந்தது.

உன் சினேகிதன் பழைய மஹிந்திரா ஜீப்பிலும் இதையே செய்யப் போகிறானாமே. அவனிடம் சொல், வில்லிஸ் வழி வந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே தொங்கும். காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் திரும்பி வடியும், முதல் மிதி வெறுமையாகப் போகும். லைனில் 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை நிறுத்தி வைக்கிற வால்வு வேண்டும். டிரம்முக்கு உரிய 10 பி.எஸ்.ஐ. வால்வை அப்படியே விட்டாலோ பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் டிரம்மாக இருந்தால் முதலில் முன்னால் மாற்றச் சொல்.

இனி ஹேண்ட்பிரேக். வண்டிக்கு அடியில் படுத்து, கேபிள் எங்கே போகிறது என்று பார். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள சின்ன டிரம்முக்குப் போனால் அதிர்ஷ்டசாலி, பின் சக்கரத்தை மாற்றினாலும் ஹேண்ட்பிரேக் அப்படியே இருக்கும். சக்கரத்துக்குப் போனால், டிரம் போகும்போது ஹேண்ட்பிரேக்கும் போகிறது. முன் காலிப்பரையே பின்னாலும் மாட்டுகிற பல கிட்டுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. லீவரோடு வருகிற காலிப்பரையோ, டிஸ்க்கின் குடத்துக்குள் சின்ன ஷூ உள்ளதையோ தேடு. எண்ணெயை லைனில் பூட்டி வைக்கிற வால்வை ஹேண்ட்பிரேக் என்று எவனாவது விற்க வந்தால் வாங்காதே. சூடு ஆறினால் அழுத்தம் இறங்கும், சரிவில் நிறுத்திய வண்டி நீ டீ குடித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியதையும் சொல்கிறேன். சில ஆக்சில்களில் பழைய பேக் பிளேட்டின் தடிப்பும் ஷிம்மும் சேர்ந்துதான் பேரிங்கின் தளர்வைத் தீர்மானிக்கும். பிளேட்டைக் கழற்றி 10 மில்லிமீட்டர் பிராக்கெட் வைத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், அளந்துவிட்டு வை. காலிப்பர் தாங்கியை ஆக்சில் குழாயில் வெல்டு வைக்காதே. இடது வலது மாறி மாட்டினால் ஏர் எடுக்கிற நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், நாள் முழுக்க மிதித்தாலும் காற்று மேலேயே நிற்கும். நகர்கிற காலிப்பருக்கு இரும்புக் குழாய் ஆகாது, ரப்பர் ஹோஸ் வேண்டும். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதைக் காசு கொடுக்கும் முன்னால் பார்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர் முன்னால் நிற்க வேண்டும். முதலில் ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிப் போடு. கர்நாடகப் பதிவு வண்டியாக இருந்தால் என்.ஓ.சி. வாங்கி நம் பதிவுக்கு மாற்றிய பிறகே ஸ்பேனரை எடு.

லேசர்காரரிடம் போகும் முன் எனக்கு நான்கு அளவு அனுப்பு: மாஸ்டர் சிலிண்டரின் போர், முன் காலிப்பர் பிஸ்டனின் விட்டம், பின் வீல் சிலிண்டரின் விட்டம், நீ வாங்க நினைக்கிற காலிப்பரின் பிஸ்டன் விட்டம். வெர்னியரில் எடு, ஸ்கேலில் வேண்டாம். கணக்குப் போட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அக்காவையும் மச்சானையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா