வாள் முளைத்த பெண் மீன்

"பெண் மீன் ஆணா மாறிடுச்சு!" வாள்வால் மீன் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நானும் நம்பியவன்தான். பெண் என்று வாங்கி வந்த மூன்றில் ஒன்றுக்கு, மாதங்கள் கழித்து, வாலின் கீழ்ப்பக்கம், ஆணுக்கு உரிய வாள் போல, நீண்டு கூராகிவிட்டது.

அது முதலிலிருந்தே ஆண். இந்த இனத்தில் சில ஆண்கள் சின்ன உடம்போடு சீக்கிரமே பருவமடையும். சில நிதானமாக வளர்ந்து, நன்றாகப் பெருத்த பிறகே வாள் விடும். அதுவரை பெண் போலவே இருக்கும். வயதான பெண் மீனுக்குச் சூலகம் கெட்டு, வால் சற்று நீள்வதும் உண்டு. ஆனால் குட்டி போட்ட பெண் பிறகு தகப்பனானதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை.

எனவே கடையில் வாலைப் பார்க்காதீர்கள், வயிற்றுக்கு அடியில் பாருங்கள். மீன் கண்ணாடியை ஒட்டி வரும்போது டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். பெண்ணுக்குக் குதத் துடுப்பு விசிறி போல விரிந்திருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது குச்சி போல ஒடுங்கிப் பின்னால் சாய்ந்திருக்கும். இணைசேரும் உறுப்பு அதுதான். 1848இல் மீனியலாளர் ஹெக்கெல் இந்த மீனின் பேரினத்துக்கு 'வாள் ஏந்தி' என்ற பொருளில் ஸிஃபோஃபோரஸ் என்று பெயர் வைத்ததும் இந்தத் துடுப்பைக் கண்டுதான், வாலைக் கண்டு அல்ல.

"ஆணே இல்லை, ஆனாலும் குட்டி போட்டது" என்பதில் அதிசயம் இல்லை. ஒருமுறை சேர்ந்தால் போதும்; பெண் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி ஈனும். குறிப்பிட்ட நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்கள், பருவமடையும் முன்பே பெண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். கடைத் தொட்டியில் ஆணோடு இருந்த பெண் பெரும்பாலும் ஏற்கெனவே சினையாக இருக்கும்.

ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது என்பார்கள். ஆனால் மெக்ஸிகோ முதல் ஹோண்டுராஸ் வரையிலான ஓடைகளில் பிறந்த மீன் இது. தாதுப்புள்ள, சற்றே காரத்தன்மையுள்ள நீர்தான் அதற்கு ஒத்துவரும். உப்புக் கரிக்காத போர்வெல் தண்ணீரே பெரும்பாலும் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுவதும் தவறு. அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதோடு போய்விடும். கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். தொட்டிக்கு மூடி அவசியம், நன்றாகத் துள்ளும் மீன் இது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சினை மீனைக் கையளவு பிளாஸ்டிக் பெட்டியில் நாள்கணக்கில் அடைத்து வைப்பது. தாய் குட்டிகளைத் தின்னும் என்பது உண்மைதான். அதற்காக அதை மிரட்சியில் சாகவிட வேண்டுமா? வேலம்பாசியையோ ஜாவா மாஸையோ அடர்த்தியாகப் போட்டு, தாய்க்கு வயிறாரத் தீனி கொடுங்கள். பாசிக்குள் புகுந்த குட்டிகளில் கணிசமானவை பிழைத்துவிடும். பெரிய பெண் ஒரு ஈற்றில் நூறுகூடப் போடும். பத்து பிழைத்தாலே இரண்டடித் தொட்டிக்கு அதிகம்.

மிச்சக் குட்டிகளைக் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் தொட்டியிலிருந்து வெளியேறிய இந்த மீன்கள் அங்குள்ள நீர்நிலைகளில் பெருகி நிலைத்துவிட்டன. நண்பருக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் விடாதீர்கள்.