கேளாதார்க்கும் அருளிய காருண்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி 6-10-10 பாசுரத்தில் நம்மாழ்வார் பெரிய பிராட்டியாரை முன்னிட்டுக்கொண்டு திருவேங்கடமுடையான் திருவடிகளில் சரணம் புகுகிறார். பிராட்டி புருஷகாரமாக நிற்பதற்கு வேண்டும் குணங்களுள் கிருபையை முதலில் வைத்தார் பிள்ளை லோகாசாரியர். அக்கிருபை எவ்வளவு தூரம் செல்லும் என்று அறிய நாம் அசோகவனத்துக்குச் செல்ல வேண்டும்.

போர் முடிந்து வெற்றிச் செய்தி கொணர்ந்த திருவடி, பிராட்டியைப் பத்து மாதம் வருத்திய ராக்ஷஸிகளைக் கொல்ல அநுமதி வேண்டினார். பிராட்டி இசையவில்லை. இவர்கள் அரசன் ஏவலுக்கு உட்பட்ட பணிப்பெண்கள், தவறே செய்யாதவர் உலகில் யார் என்று கேட்டு, அவர்களைக் காத்தாள். பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இதை நினைந்து உருகுகிறார். பெருமாள் காத்தது சரணம் என்று சொன்ன காகத்தையும் ஸ்ரீவிபீஷணாழ்வானையும். பிராட்டியோ ஒரு சொல்லும் சொல்லாதவர்களை, குற்றத்தின் ஈரம் உலராதிருக்கும்போதே காத்தாள். ஆகையால் பெருமாளுடைய கோஷ்டியே இலேசாயிற்று என்பது பட்டர் திருவுள்ளம்.

இதைப் படிக்கையில் ஒன்றை மறக்கலாகாது. நம்மோடு தெருவிலும் அலுவலகத்திலும் வாழும் பிற சமயத்தாரை நாம் ராக்ஷஸிகளோடு ஒப்பிடவில்லை. இங்கே கொள்ள வேண்டியது கைமுதிக நியாயம். தன்னை வருத்தியவர்க்கே இவ்வளவு இரங்கினாள் என்றால், ஒரு தீங்கும் செய்யாத அயலார்க்கு இரங்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் இன்று நடப்பது என்ன? வேறு சமயத்தார் வாழும் ஊரில் வெள்ளமோ விபத்தோ நேர்ந்தால், ‘நன்றாக வேண்டும்’ என்ற குறுஞ்செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. திருமண் தரித்தவர்களும் அதை அடுத்தவர்க்கு அனுப்புகிறார்கள். நஞ்சீயர் வாக்காகப் பெரியோர் எடுத்துக்காட்டும் வார்த்தை இவ்விடத்தில் நெஞ்சைச் சுடும். பிறர் துன்பம் கண்டு ‘ஐயோ’ என்று இரங்குபவனுக்கு பகவத் சம்பந்தம் உண்டு. ‘இது வேண்டும்’ என்று மகிழ்பவனுக்கு அது இல்லை என்பது அதன் கருத்து. அவ்வார்த்தை துன்பப்பட்டவன் யார் என்று விசாரிக்கவில்லை, நம்மையே விசாரிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்கள், வந்தவர் எச்சமயத்தார் என்று கேளாமல் கதவு திறந்தன. அங்கே படுத்துறங்கியவர்களில் நம்மவரும் இருந்திருப்பர்.

அநந்யராய் இருப்பவர்க்கு இது பொருந்துமா என்று சிலர் ஐயுறுவர். தேவதாந்தரத்தைத் தொழாமை வழிபாட்டைப் பற்றிய விதி. அயலானின் கண்ணீரைக் காணாமை அதில் அடங்காது.

பொதுவாழ்வில் இந்தக் குணம் எப்படி இருக்கும்? வங்கியில் பணியாற்றிய நமக்குத் தெரிந்த இடம் கவுண்டர்தான். கணவன் இறந்தபின் அவன் கணக்கை முடிக்க ஒரு பெண் வருகிறாள். பர்தா அணிந்திருக்கலாம், சிலுவை அணிந்திருக்கலாம். அவள் கேட்பது கணக்கில் உள்ள சில நூறு ரூபாய்தான். பாஸ்புக்கைப் புரட்டினால் மே மாத இறுதியில் ரூ.436 பற்று எழுதியிருக்கும். அது 2015-இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கான ஆண்டு பிரீமியம், முதலில் ரூ.330 ஆக இருந்தது, 2022 ஜூன் முதல் ரூ.436 ஆயிற்று. 18 முதல் 50 வயது வரை இதில் சேரலாம். 55 வயது வரை காப்பு உண்டு. எக்காரணத்தால் இறந்தாலும் நியமனதாரர்க்கு ரூ.2 லட்சம். கூடவே ரூ.20 பற்று இருந்தால் அது விபத்துக் காப்பீடு.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. கணவன் கையெழுத்திட்டதையே அறியாள். அறியாததை எப்படிக் கேட்பாள்? கேட்டதை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஊழியர்மேல் எந்த விதியும் குறை சொல்லாது. ஆயினும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்து, ‘அம்மா, சற்று உட்காருங்கள், இன்னொரு படிவம் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுள் பலர் அசோகவனத்தைப் படித்தவர்கள் அல்லர். படித்த நாம், பணி ஓய்வுக்குப் பின்னும், பக்கத்து வீட்டில் மரணம் நிகழ்ந்தால் பதினைந்து நாள் கழித்துச் சென்று அந்த பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கலாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.